கேம் பெட்டியில் ஒரு கடைவாய்ப்பல்

பல் மருத்துவர் கம்ப்யூட்டரின் பொத்தானை ஒன்பதாவது முறை அழுத்தியபோது உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டது. பின்னாலேயே கருகிய வாடை வந்தது. அவ்வளவுதான். பன்னிரண்டு வருடமாக அந்த கிளினிக்கில் எக்ஸ்ரே காட்டிவந்த கம்ப்யூட்டர் கண்ணை மூடிவிட்டது.

அந்த நேரம் பார்த்து நாற்காலியில் சாய்ந்திருந்தவர் ஒரு பஸ் டிரைவர். இருபத்தாறு வயது. வலது கன்னம் வீங்கி ஒரு கண்ணே சின்னதாகியிருந்தது. எந்தப் பல் என்று கேட்டால் அந்தப் பக்கம் முழுவதையும் உள்ளங்கையால் பொத்திக் காட்டினார். படம் பார்க்காமல் கை வைக்க முடியாது. எக்ஸ்ரே கருவிக்கு ஒரு குறையும் இல்லை. படத்தைத் திரையில் காட்டும் மென்பொருள்தான் பழைய ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை விட்டு நகர மாட்டேன் என்று அடம்பிடிக்கும். அதைச் செய்த கம்பெனியை மூடி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. மருத்துவரின் புது லேப்டாப்பில் அது எட்டிக்கூடப் பார்க்காது.

மருத்துவர் தன் நாத்தனாருக்குப் போன் போட்டார். நாத்தனாரை வீட்டில் எல்லோரும் திருப்புளி என்றுதான் கூப்பிடுவார்கள். நான்கு வயதில் திருப்புளியால் திருகாணிகளைத் திருகிச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிப் போட்டதில் ஒட்டிக்கொண்ட பெயர். இப்போது இரண்டு தெரு தள்ளி, வீடியோ கேம் பெட்டிகளைப் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறாள்.

"அண்ணி, எதையும் தொடாதீங்க. பத்து நிமிஷத்துல வரேன்."

ஏழாவது நிமிடமே மூச்சு வாங்க வந்து நின்றாள். கையில் அவளுடைய சொந்த கேம் பெட்டி. பழைய விளையாட்டுகளை ஆடுவதற்காக, முப்பது வருடத்துக்கு முந்தைய கம்ப்யூட்டர் போல நடிக்க அதைப் பழக்கி வைத்திருந்தாள்.

"இதுல பல் எக்ஸ்ரேவா?" என்றார் மருத்துவர்.

"கார் ரேஸ் ஓடுது, பல் ஓடாதா?"

செத்த கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் உயிரோடுதான் இருந்தது. அதை உருவி, எக்ஸ்ரே சென்சாரின் வயரையும் சேர்த்துப் பெட்டியோடு இணைத்தாள். பெட்டிக்குப் பொருந்தும் திரை, காத்திருக்கும் அறையின் டிவி ஒன்றுதான். அதில் யாரோ கேக்குக்கு க்ரீம் தடவிக்கொண்டிருந்தார்கள். ஐந்து பேர் கன்னத்தில் கை வைத்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உங்க பல்லை எல்லாரும் பார்ப்பாங்களே, பரவாயில்லையா?" என்று டிரைவரிடம் கேட்டார் மருத்துவர்.

"தினம் ஐநூறு பேரு என் முதுகைப் பாக்குறாங்க டாக்டர். இன்னிக்குப் பல்லையும் பாக்கட்டும்."

சிகிச்சை அறையிலிருந்து டிவி தெரியும்படி நடுக்கதவைத் திறந்து வைத்தார்கள். கேக் மறைந்து, மென்பொருளின் சாம்பல் நிறத் திரை டிவியில் வந்தது. ஐந்து பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மவுஸ் வேலை செய்யவில்லை. மருத்துவர் ரப்பர் கையுறையோடு விளையாட்டு ரிமோட்டைப் பிடித்து, கட்டை விரலால் அம்புக்குறியை நகர்த்தினார். அது தறிகெட்டு ஓடியது.

"இடது, இடது!" என்று வெளியிலிருந்து யாரோ வழி சொன்னார்கள்.

ஒருவழியாக டிரைவரின் பெயரும் பிறந்த தேதியும் உள்ளே போயின. உடனே சிவப்பு எழுத்தில் ஓர் அறிவிப்பு வந்தது: நோயாளி இன்னும் பிறக்கவில்லை.

அறையே வெடித்துச் சிரித்தது. டிரைவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, சிரிக்க வைக்காதீங்க, உயிர் போகுது" என்றார்.

"பெட்டி இன்னும் முப்பது வருஷம் பின்னாடி நிக்குது அண்ணி. தேதியை மாத்தினா உறைஞ்சு போகுது. இவரையும் முப்பது வருஷம் முன்னாடியே பிறக்க வச்சிடுங்க."

மருத்துவர் அப்படியே செய்தார். சரியான தேதியைக் காகிதத்தில் குறித்துக்கொண்டார். சென்சாரை டிரைவரின் வாயில் வைத்துப் படம் எடுத்ததும் மூன்று பற்கள் டிவி முழுக்க எழுந்து நின்றன. ஐந்து பேரும் கைதட்டினார்கள். திருப்புளி இருந்த இடத்திலேயே குதித்தாள்.

மருத்துவர் மட்டும் சிரிக்கவில்லை.

"இரு. முன்னாடி இருக்க வேண்டிய சின்னப் பல் கடைசியில போய் நிக்குது. படம் கண்ணாடி மாதிரி திரும்பியிருக்கு. இதை நம்பிக் கை வச்சிருந்தா நல்ல பல்லைக் குடைஞ்சிருப்பேன்."

திருப்புளியின் முகம் சுண்டிவிட்டது. உட்கார்ந்து பெட்டியில் எதையெதையோ மாற்றினாள். "இப்ப சரியா இருக்கணும்" என்றாள், பாதிக் குரலில்.

"இருக்கணும்னா போதாது. எனக்குத் தெரிஞ்ச வாய் ஒண்ணு வேணும். உன் இடது பக்கம் பல் அடைச்சது நான்தானே? வா, வாயைத் திற."

டிரைவர் எழுந்து இடம் கொடுத்தார். திருப்புளியின் பல் டிவியில் வந்தது. அடைப்பு இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது, சின்னப் பல் முன்னால் நின்றது. மருத்துவர் இரண்டு முறை ஒப்பிட்டுப் பார்த்துத் தலையாட்டினார். அப்புறம் கண்ணைச் சுருக்கி டிவியின் அருகே போனார்.

"அடிப்பாவி, இது என்ன? பக்கத்துல ரெண்டு சொத்தை!"

"அண்ணி, அது... டிவில தூசி."

"முதல்ல அவரு. அப்புறம் நீ."

திரும்ப எடுத்த படத்தில் டிரைவரின் கடைசிப் பல்லின் வேருக்கடியில் சீழ் கட்டியிருந்தது தெளிவாகத் தெரிந்தது. மருத்துவர் மரத்துப்போக ஊசி போட்டு, பல்லைத் திறந்து சீழை வெளியேற்றினார். அரை மணியில் டிரைவரின் தோள் தளர்ந்தது. கோணிய வாயால், "வழி போச்சு டாக்டர், வழி போச்சு" என்றார். வலியைத்தான் சொல்கிறார் என்று புரிய எல்லோருக்கும் சற்று நேரமானது.

அந்தச் சிரிப்பில் திருப்புளி பையை எடுத்துக்கொண்டு நழுவப் பார்த்தாள். காத்திருந்த ஐந்து பேரும், சொல்லி வைத்தது போல, எழுந்து வாசலை மறித்தார்கள்.

"நாங்க எல்லாரும் காத்திருக்கோம், பரவாயில்ல. முதல்ல அவங்களைப் பாருங்க டாக்டர்" என்றார் முன்னால் நின்றவர்.

மருத்துவர் புதுக் கையுறையை மாட்டிக்கொண்டு நாற்காலியைத் தட்டிக் காட்டினார்.