அல்சி எண்ணெய்த் துணி

போன மழையில் புருஷன் அழகர்சாமி கூரைத் துணிக்குப் பூசிய கழிவு ஆயில் சோற்றுப் பானையில் சொட்டியதைப் பாப்பம்மாள் மறக்கவில்லை. இந்த முறை, டெல்லிக்காரர்கள் அல்சி என்னும் ஆளிவிதை எண்ணெயை, ஒழுகாமலிருக்கத் தானே துணியில் தேய்த்து, மதராசி கேம்ப் வெயிலில் காயப்போட்டாள். திருடுபோய்விடும் என்று பயந்து, ஈரம் காயுமுன்பே அவன் அதைச் சுருட்டிக் குடிசை மூலையில் திணித்துவிட்டான்.

சாயங்காலம் கருகல் நாற்றம். அடுப்பு பற்றவைக்கவே இல்லை. துணிச் சுருளுக்குள்ளிருந்து புகை வந்தது.

"பாவி மனுசா! அல்சிய அமுக்கி வச்சா தானா சூடேறித் தீப்பிடிக்கும்யா!"

குடிசைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. துணியை வெறுங்கையால் வாசலுக்கு இழுத்து, மண்ணை வாரிக் கொட்டி மிதித்தாள். புகை அடங்கியது.

இருட்டுமுன் மழை பிடித்துக்கொண்டது. மண்ணை உதறி அவள் கூரையில் விரித்திருந்த துணிமேல் தண்ணீர் சேம்பிலையில் போல் உருண்டோடியது. கருகிய ஓட்டையில் மட்டும் ஒழுகியது.

அதற்கு நேர்கீழே அழகர்சாமியின் பாயை விரித்தாள்.

"படுய்யா."