எடைக்காரர் கழித்துவிட்ட கோழி

எடைக்காரர் வீட்டுக் கொல்லையில் இருக்கும் மொட்டைக் கழுத்துக் கோழியை யாராலும் தூக்க முடியாது. முதலில் எடைக்காரரே முயன்று பார்த்தார். பிறகு கறிக்கடைக்காரர் வந்தார். கோழி பிடிப்பதில் கைதேர்ந்தவர், இரண்டு இறக்கையையும் சேர்த்துப் பிடித்து ஒரு இழு இழுத்துவிட்டு, தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். கிட்டங்கியில் மூட்டை தூக்கும் ஆட்கள் இரண்டு பேர் வந்து தோற்றார்கள். கடைசியில் ஒர்க்‌ஷாப்பிலிருந்து லாரிக்கு வைக்கும் ஜாக்கி வந்தது. ஜாக்கிதான் மண்ணுக்குள் இறங்கியது, கோழி மேலே வரவில்லை. பாதிக் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தது. அன்றைக்கு வெயில் சுமார், முட்டை விலையில் மாற்றமில்லை. தூக்கவேண்டும் என்று யாரும் நினைக்காத நேரத்தில் அதே கோழி எழுந்து நடக்கும். அப்போது அதன் காலடியில் காய்ந்த சருகுகூட நொறுங்காது.

எடைக்காரரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, இருந்தாலும் சொல்லித்தான் ஆகவேண்டும். தலை நரைக்கும் வரை பார்சல் ஆபீஸில் தராசுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பெட்டியை ஏற்றுகிறவன் ஒருத்தன், இறக்குகிறவன் ஒருத்தன். நடுவில் முள்ளைப் பார்த்து ஒரு எண்ணைச் சொல்வது இவர் வேலை. வாழ்நாளில் ஒரு பொட்டலத்தையும் கையால் தூக்கியதில்லை. ஆனால் ஊரிலுள்ள பாரமெல்லாம் தன் தலையில்தான் என்று ஒரு நடை, ஒரு கனைப்பு. ஓய்வு பெற்ற அன்று, ஆபீஸில் வேண்டாமென்று ஒதுக்கிய மேடைத் தராசைத் தள்ளுவண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தின் நடுவில் போட்டார். அன்றிலிருந்து சோப்பு, செருப்பு, தலையணை, பூனை எதையும் விடவில்லை. பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்த மனைவியை ஒருநாள் ஏற்றி இறக்கி, சாப்பிட்ட பிறகு எடை கூடியிருப்பதாகப் பெரிய கண்டுபிடிப்பைப் போல அறிவித்தார். டீச்சர் தையல் மிஷினை மிதிக்கப் போய்விட்டாள்.

பின்னறையில் எடைக்காரரின் அக்கா இருந்தாள். அம்மா செத்த பிறகு இவருக்குச் சோறூட்டி, மூக்கைச் சிந்திவிட்டு, கால்சட்டைக்குப் பொத்தான் போட்டு ஆளாக்கியவள் அவள்தான். சலவைக்கடையில் இஸ்திரி போட்டுப் போட்டு விரல்கள் மடங்கிப்போய், இனி பெட்டியைப் பிடிக்க முடியாது என்று ஆன பிறகு தம்பி வீட்டுக்கு வந்தாள். கொல்லையில் டீச்சர் வாங்கி விட்டிருந்த ஏழு கோழிகளையும் கூட்டில் அடைப்பதும் திறப்பதும் அவள் வேலையானது. எடைக்காரருக்கோ அந்தப் பின்னறையின் மேல் கண். அதை ஆபீஸ் ரூம் ஆக்கவேண்டுமாம். வேலையிலிருந்து வந்துவிட்ட மனிதருக்கு எந்த ஆபீஸ், என்ன ரூம் என்று கேட்க ஆளில்லை. நேராகச் சொல்ல வாய் வராததால் கோழியிலிருந்து ஆரம்பித்தார்.

“சும்மா தின்னுட்டு உக்காந்திருக்க இது என்ன சத்திரமா? நாலு போதும். மிச்சத்தைக் கழிச்சிரலாம்” என்று கூட்டைப் பார்த்துச் சொன்னார், பின்னறைக்குக் கேட்கிற மாதிரி. கோழி வளர்க்கிறவர்கள் கழிப்பதென்றால் கொண்டையின் நிறத்தைப் பார்ப்பார்கள், பின்பக்கத்து எலும்புகளுக்கு நடுவில் விரல் வைத்து அகலம் பார்ப்பார்கள். முட்டை இடுகிற கோழி அழகாக இருக்காது. இறகு தேய்ந்து, கால் வெளுத்து, பிள்ளை பெற்றவள் மாதிரி அசந்துபோய்த்தான் இருக்கும். இடாததுதான் மினுமினுவென்று கொழுத்துத் திரியும். இதெல்லாம் தெரிந்துகொள்ள எடைக்காரருக்கு அவசியம் என்ன? ஒவ்வொன்றையும் சாக்கில் போட்டுத் தராசில் வைத்தார். கனமான நாலு வீட்டுக்கு, இளைத்த மூன்று கடைக்கு. மொட்டைக் கழுத்தை வைத்தபோது முள் அசைந்ததாகவே தெரியவில்லை. “இவ்வளவு தீனி திங்குது, உடம்புல ஒண்ணும் காணோமே. எல்லாம் எங்க போகுது?” என்றார்.

“முட்டையா போகுதுங்க. நீங்க காலையில தின்னது எதுன்னு நெனச்சீங்க?” என்றாள் டீச்சர்.

“நீ ஊசியைப் பாரு டீச்சர். முள்ளைப் பாக்க நான் இருக்கேன்.”

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவனிடம் என்ன பேசுவது. இளைத்த மூன்றில் இரண்டு கறிக்கடைக்குப் போயின. அதிசயம் எதுவும் நடக்கவில்லை, குழம்பு நன்றாக இருந்ததாகத்தான் வாங்கியவர்கள் சொன்னார்கள். மூன்றாவதுதான் மேலே சொன்னது; தராசில் ஏறியது வரை லேசுதான், கடைக்கு என்று முடிவானதும்தான் தூக்க முடியாமல் போனது. வீட்டில் தங்கிய கொழுத்த நாலும் அன்றும் இடவில்லை, அதற்குப் பிறகும் இடவில்லை. வேளாவேளைக்குக் கொக்கரிப்பது மட்டும் குறையவில்லை. எடைக்காரர் அவற்றைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தார். இனம் இனத்தோடு சேர்ந்தது.

ஜாக்கியைத் திருப்பிக் கொடுத்த மறுநாள், கோழியிடம் தோற்ற வீறாப்பை அக்காவிடம் காட்டினார். தராசில் ஏறச் சொன்னார். அவள் ஏறினாள். “ரெண்டு வேளை சாப்பிடுற, உடம்புல ஒண்ணும் காணோமே. எங்க போகுது?” என்று கேட்டார். அதே கேள்வி, அதே குரல். அக்கா தராசை விட்டு இறங்கி, “எங்க அனுப்பப்போற, சொல்லு” என்றாள். ஊருக்கு வெளியே முதியோர் இல்லத்தில் இடம் சொல்லி வைத்திருந்தார், கெட்டிக்காரர். டீச்சர் அவரோடு பேசுவதை அன்றோடு நிறுத்தினாள். அக்காவுக்கு அழுகை வந்தது. அதை மறைக்காமல் அழுது முடித்துவிட்டு, துணிப்பையை எடுத்துக்கொண்டு கோழிகளுக்குத் தண்ணீர் வைத்தாள். வாசலில் வந்து நின்ற ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள்.

ஆட்டோ நகரவில்லை. டிரைவர் முறுக்கினார், புகை வந்தது, சக்கரம் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. “அம்மா, கொஞ்சம் இறங்குங்க” என்றார். இறங்கினாள். வண்டி அம்பு மாதிரி தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தது. ஏறினாள், நின்றது. டிரைவர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “சார், இவங்க போற ஆள் இல்ல. வேற யாராவது இருந்தா ஏத்துங்க” என்று எடைக்காரரைப் பார்த்தே சொன்னார். எடைக்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றைத் தள்ளினார். ஆட்டோவின் பின்னால் கையை ஊன்றி அவர் தம் பிடித்தபோது, அவருடைய இரண்டு செருப்பும் தரையில் கிடக்க, கால்கள் மட்டும் மேலே எழும்பி நின்றன. எதிர்வீட்டுக்காரர்கள் அதைக் கண்ணால் பார்த்தார்கள். இத்தனை வருடமும் அவர் கனைத்தால் எழுந்து நின்ற கூட்டம்தான், ‘அந்த ஆளிடம் சரக்கு இல்லை என்று அப்போதே தெரியும்’ என்று அன்று சாயங்காலமே பேசியது. அந்தப் பேச்சுக்கும் எடை கிடையாது.

அக்கா பின்னறைக்குத் திரும்பினாள். எடைக்காரர் தராசில் ஏறிப் பார்த்தார், இறங்கினார், தராசு கெட்டுவிட்டது என்றார். செங்கல்லை வைத்தால் செங்கல்லின் எடையைச் சரியாகக் காட்டியது. பூனையை வைத்தால் பூனை. இவர் ஏறினால் மட்டும் முள் தூங்கியது. அந்த வருடம் முழுக்கத் தராசைப் பிரித்தார், எண்ணெய் போட்டார், பூட்டினார், திட்டினார். அடுத்த வருடம் அவர் கூடத்துக்கு வந்தால் மின்விசிறியை நிறுத்தவேண்டி வந்தது. அதற்கடுத்த வருடம் தும்மினால் சுவரில் போய் மோதினார். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையைக் கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கே கட்டெறும்பும் மிஞ்சவில்லை, ஏனென்றால் எறும்பை ஏற்றினால் அந்தத் தராசின் முள் லேசாக நடுங்கத்தான் செய்தது. சாப்பாட்டில் மட்டும் எந்தக் குறையுமில்லை, மூன்று வேளையும் தட்டு நிறைய.

இப்படியாக வீட்டில் சும்மா தின்றுவிட்டு உட்கார்ந்திருப்பது யார் என்ற கணக்கு தானாக முடிந்தது. டீச்சரின் அண்ணன் வந்து, முதியோர் இல்லத்தில் சொல்லி வைத்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது, ஒரு பையில் போட்டுக்கூடக் கொண்டுபோய்விடலாம், ஆட்டோகூட வேண்டாம் என்றார். எடைக்காரர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். அண்ணன் போன பிறகு, “என்னை என்ன பண்ணப்போற?” என்று மனைவியைக் கேட்டார். குரலும் இளைத்துப் போயிருந்தது.

அவ்வளவு வருடம் பேசாதிருந்த டீச்சர் வாயைத் திறந்தாள். “கழிக்கணும்னா உங்களைத்தாங்க மொதல்ல கழிக்கணும். நீங்க போட்ட சட்டம்தானே. எனக்கு மனசு வரலைன்னு நெனச்சுக்காதீங்க, நல்லாவே வருது. உங்க அக்காவைக் கேட்டுச் சொல்றேன்.”

எடைக்காரருக்கு அன்று உண்மையிலேயே பயம் வந்தது. அவர் கழித்த கோழியை யாராலும் கொண்டுபோக முடியவில்லை, அவர் கழித்த அக்காவையும் முடியவில்லை; ஆனால் அவரை யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். வாசலைத் திறந்து வைத்தாலே போதும்.

அக்கா தீனிக் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு ஈரக் கையைத் துடைத்தாள். உள்ளே வந்து ஜன்னலிலிருந்து தம்பியைப் பிரித்தெடுத்தாள். சீக்குக் கோழியைத் தூக்குகிற மாதிரி அக்குளில் இடுக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனாள். அவளுடைய மடங்கிய விரல்களுக்கு அந்தச் சுமை ஒரு சுமையே இல்லை. “பெரிய மனுஷன் நீ. ஆபீஸ் ரூம் கேக்குதா உனக்கு? இங்கயே கிடடா மூதேவி” என்று மொட்டைக் கழுத்துக் கோழியின் பக்கத்தில் அவரை உட்காரவைத்தாள். சட்டையின் பின்னோரத்தை இழுத்துக் கோழிக்கு அடியில் செருகினாள். கோழி இரண்டு தரம் அசைந்து அதன்மேல் நன்றாக அமர்ந்துகொண்டது.

அதன்பிறகு அவருடைய சட்டை எல்லாவற்றிலும் டீச்சர் பின்னால் ஒரு முழத்துக்கு இரட்டைத் துணி வைத்துத் தைத்துவிட்டாள். கோழி அதன்மேல்தான் முட்டை இடுகிறது, முட்டையை எடுத்துக் கொடுப்பது எடைக்காரர் வேலை. கொழுத்த நாலையும் கறிக்கடைக்காரர் ஒரே கையில் தூக்கிக்கொண்டு போனார். தராசு பின்னறையில் இருக்கிறது, அக்கா அதன்மேல் துணி மடித்து வைக்கிறாள். காற்றுக் காலத்தில் எடைக்காரர் கொடியில் போட்ட துணியைப் போல ஒருபக்கமாகச் சாய்ந்து நிற்பதைத் தெருவிலிருந்தே பார்க்கலாம், யாரும் நின்று பார்ப்பதில்லை. கோழி தீனிக்கு எழுந்து போகிற நேரத்தில், அது திரும்பி வரும்வரை, அக்கா தம்பியின் சட்டை ஓரத்தைக் காலால் மிதித்துக்கொண்டு நிற்கிறாள்.