இணைபிரியா இன்பமும் இரண்டு சாவிகளும்

1

‘கீய்ய்ய்ங்ங்...’

பத்திரிகை அலுவலகத்தின் தீ எச்சரிக்கை மணி அலறியபோது, நான் ஆசிரியரம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து, காதல் என்றால் என்னவென்று அவர் விளக்குவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இந்தக் கதை பிறந்த கதை இதுதான். மறைக்க ஒன்றுமில்லை.

தம்பதியர் சிறப்பிதழ். பின்னட்டை முழுக்க ஒரு கிராமத்து விடுதியின் விளம்பரம். உள்ளே, அதே மாதிரி ஒரு விடுதிக்கு வாரக் கடைசியில் போகும் ஒரு ஜோடியைப் பற்றி என் கதை.

“விளம்பரம்னு தெரியவே கூடாது சார். ஆனா தெரியணும்” என்றார் ஆசிரியர்.

எனக்குக் கதை எழுதும் மனநிலை வரட்டும் என்று, விடுதிக்காரர்கள் அனுப்பியிருந்த வாசனை மெழுகுவத்தியை மேசையில் ஏற்றிவைத்தவரும் அவரே. நேர் மேலே கூரையில் புகையை மோப்பம் பிடிக்கும் கருவி இருந்தது. காதலின் வாசனை அதற்குப் பிடிக்கவில்லை.

எல்லோரும் தெருவுக்கு ஓடினோம். கணக்குப் பிரிவு தன் சாப்பாட்டு டப்பாக்களைக் காப்பாற்றிக்கொண்டு வந்தது. என் தொடர்கதையின் அடுத்த அத்தியாயத்தை யாரும் காப்பாற்றியதாகத் தெரியவில்லை.

அந்தக் கூட்டத்தில்தான் துணுக்கு ஆசிரியரிடம் வந்தார்.

துணுக்கு எங்கள் பத்திரிகையின் லே-அவுட்காரர். பக்கத்தில் எங்கே நாலு வரி காலியாகக் கிடந்தாலும் அவருக்கு இருப்புக்கொள்ளாது. ஒரு டாக்டர் ஜோக்கோ, யானையின் ஞாபகசக்தி பற்றிய தகவலோ போட்டு அடைத்துவிட்டுத்தான் மூச்சு விடுவார். பெயர் அப்படி வந்தது.*

“மேடம், சனிக்கிழமை எனக்கு லீவு வேணும்.”

“சிறப்பிதழ் வேலை தலைக்கு மேல கிடக்கே, துணுக்கு?”

“வீட்டம்மாவ வெளிய கூட்டிட்டுப் போறேன் மேடம். ரெண்டு பேரும் தனியா இருந்து ரொம்ப நாளாச்சு.”

“பொண்ணு ஹாஸ்டல்ல இருக்கா. வீட்டுல இருக்கிறதே நீங்க ரெண்டு பேர். இதுக்கு மேல எப்படிய்யா தனியா இருப்பீங்க?”

“வீட்டுல இருந்தா அவ ஏதாச்சும் பேசிடுவா மேடம்.”

தெருவே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அப்போதே எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. டீ வாங்கித் தருவதாகச் சொல்லி முனைக் கடைக்கு அவரைத் தள்ளிக்கொண்டு போனேன்.

(* இந்தக் கதையைப் பக்கத்தில் பொருத்தப்போவதும் அவரே. துணுக்கு, இந்த அடிக்குறிப்பை வெட்டிவிடாதீர்கள். உங்களைக் கேட்டுத்தான் எழுதுகிறேன்.)

2

தொடக்கம் ஒன்று: ‘மேகங்கள் மலைமுகட்டை முத்தமிட்டுக்கொண்டிருந்த அந்த மாலையில், அவள் விழிகளில் ஆயிரம்...’

(நிறுத்திவிட்டேன். துணுக்கின் மனைவி ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறார். காலையிலிருந்து ஊசி குத்துகிற பெண்ணின் விழிகளில் ஆயிரம் எதுவும் இருக்காது. ‘கையை மடக்கிப் பிடிங்க, அடுத்தவங்க வாங்க’ என்பது மட்டும் இருக்கும்.)

தொடக்கம் இரண்டு: ‘இளம் தொழிலதிபரான அவன் தன் வெளிநாட்டுக் காரை...’

(துணுக்கிடம் இருப்பது ஸ்கூட்டர். அதையும் பாதி நாள் தள்ளிக்கொண்டுதான் வருகிறார்.)

தொடக்கம் மூன்று: ‘அவள் பல் துலக்கிக்கொண்டே சொன்னாள்.’

இது நிஜமாக நடந்தது. டீக்கடையில் துணுக்கே சொன்னார். வாசலில் நின்று ஷூ மாட்டிக்கொண்டிருந்தவரிடம், வாய் நிறைய நுரையோடு அந்தம்மா சொல்லியிருக்கிறார்: “வெளியூர்ல புதுசாக் கிளை திறக்கிறாங்க. என்னையே பொறுப்பா இருந்து பாத்துக்கச் சொல்றாங்க. திங்கட்கிழமை பதில் சொல்லணும்.”

“அப்படியா?”

“நீங்க என்ன சொல்றீங்க?”

“பேஸ்ட் தீந்துபோச்சுல்ல? வர்றப்ப வாங்கிட்டு வர்றேன்.”

அன்று மாலை அவர் பேஸ்ட் வாங்கிக்கொண்டு போனார். கூடவே விடுதியின் விளம்பரத் தாளும். மனைவி ஊரை விட்டுப் போய்விடுவாரோ என்ற பயத்துக்கு அவர் கண்டுபிடித்த மருந்து, இருவருமாக ஊரை விட்டுப் போவது.

ஆசிரியருக்கு மூன்றாவது தொடக்கம் பிடிக்கவில்லை. “நாயகி அறிமுகமாகும்போது வாயில நுரையா? வாசகிகள் பத்திரிகையை மூடிடுவாங்க சார்” என்றார். அதனால் அதையே வைத்துக்கொண்டேன்.

3

டீக் கிளாஸை ஓரமாக நகர்த்திவிட்டு, துணுக்கு சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். வாரக் கடைசித் திட்டம். மனிதர் அதை ஒரு பத்திரிகைப் பக்கமாகவே வரைந்திருந்தார். இடது பத்தி சனி. வலது பத்தி ஞாயிறு. கட்டம் கட்டமாக ஊஞ்சல், ஏரிக்கரை நடை, படகு, களிமண்ணில் குவளை செய்யும் பயிற்சி, பறவை பார்த்தல், மெழுகுவத்தி வெளிச்சத்தில் சாப்பாடு, மறுபடியும் ஊஞ்சல். ஒரு நூலிழை வெள்ளை கிடையாது. கணவனும் மனைவியும் மூச்சு விடுவதாக இருந்தால் படகிலிருந்து இறங்கும்போது விட்டுக்கொள்ளலாம்.

ஞாயிறுப் பத்தியின் அடியில், எறும்பு எழுத்தில் ஏதோ இருந்தது. கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். ‘மனம்விட்டுப் பேசுதல் (இடமிருந்தால்)’.

“என்ன துணுக்கு, இது இத்துனூண்டு இருக்கு?”

“இடம் பத்தல சார்.”

“படகைத் தூக்கிட்டா இடம் வருமே?”

“படகு பேக்கேஜ்ல இருக்கு சார். விட்டா வேஸ்ட்டு.”

(இந்த இடத்தில் காதலும் திட்டமிடலும் பற்றி நாலு வரி தத்துவம் எழுதினேன். நானே படித்துப் பார்த்தேன். உங்கள் மேல் எனக்கு மரியாதை இருக்கிறது.)

4

அடுத்து அவர் விடுதிக்கு ஸ்பீக்கரில் போன் போட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். கேட்டதை அப்படியே தருகிறேன்.

“வாரக் கடைசிக்கு ரூம் வேணும்மா. நானும் என் வீட்டம்மாவும் வர்றோம்.”

“‘இணைபிரியா இன்பம்’ பேக்கேஜ் தரட்டுமா சார்?” என்றார் விடுதியின் மேலாளரம்மா. தேன் தடவிய குரல்.

“அதேதான். ஆனா எங்களுக்குத் தனியா ரூம் வேணும்.”

“தனியாவா சார்? ரெண்டு பேருக்குமா?”

“ரெண்டு பேருக்கும்தான். நல்லாத் தனியா.”

“பக்கத்துப் பக்கத்துல தரட்டுமா?”

“ஐயோ, பக்கத்துல யாருமே இருக்கக் கூடாதும்மா. பேச்சுச் சத்தம்கூடக் கேக்கக் கூடாது.”

அந்தக் குரலில் தேன் குறைந்து, கனிவு கூடியது. “புரியுது சார். நீங்க தயங்கவே வேணாம். இப்ப நிறையப் பேர் அப்படித்தான் கேக்குறாங்க.”

“பார்த்தீங்களா சார், எவ்வளவு நல்லாப் பேசுறாங்க!” என்று போனை வைத்தார் துணுக்கு.

வாரப் பத்திரிகைகளில் காலமெல்லாம் வசனம் எழுதிப் பிழைக்கும் என் காதுக்கும் அதில் ஒன்றும் தப்பாகப் படவில்லை. உங்களுக்குப் பட்டிருந்தால், நீங்கள் எழுத வரலாம். எங்களுக்கு ஆள் பஞ்சம்.

5

வெள்ளிக்கிழமை எனக்கு நாயகி மேல் சந்தேகம் வந்துவிட்டது. அந்தம்மாவை நான் பார்த்ததே இல்லை. தெரியாத பெண்ணைப் பற்றி எழுத எங்கள் தொழிலில் ஒரு சுருக்கு வழி உண்டு. அவளை ஜன்னலோரம் நிறுத்திவிடுவோம். நின்று மழையைப் பார்ப்பாள். வாசகர்களும் அவளுக்கு ஆழமான மனசு என்று நம்பிவிடுவார்கள். நானும் நிறுத்தினேன். ‘அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, மழை...’

ஆனால் இந்தப் பெண் நிற்க மாட்டேன் என்கிறாள். அவளுக்கு ஒரு வேலை வந்திருக்கிறது. திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். மழையைப் பார்க்க அவளுக்கு நேரமில்லை.

போகப்போகிறாளா? போனால் புருஷன் கூட வரவேண்டும் என்று நினைக்கிறாளா, வராமலிருந்தால் தேவலை என்று நினைக்கிறாளா? கதாசிரியன் எனக்கே தெரியாது. துணுக்குக்கும் தெரியாது. தெரிந்த ஒரே ஆளிடம் யாரும் கேட்கவில்லை.

6

சனி, ஞாயிறு இரண்டு நாளும் உட்கார்ந்து முடிவுகள் எழுதினேன். அவர்கள் அங்கே படகில் போய்க்கொண்டிருப்பதாக நினைப்பு.

முடிவு (அ): மெழுகுவத்தி வெளிச்சத்தில் அவள் கண் கலங்குகிறாள். “இந்த ஊஞ்சலை விட்டு எனக்கு எந்த ஊரும் வேண்டாம்” என்கிறாள். ஒரு ஊஞ்சலுக்காகப் பதவியை உதறும் பெண். விடுதிக்காரர்கள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவார்கள். எனக்குத்தான் குமட்டியது.

முடிவு (ஆ): ‘அவள் பஸ் ஏறினாள். அவன் கையசைத்தான். தூரத்தில் ஒரு பறவை...’ இதை ஆசிரியரிடம் போனில் படித்துக் காட்டினேன்.

“பின்னட்டைக்குக் காசு வந்தாச்சு சார். பறவையை உள்ள கூட்டிட்டு வந்து உட்கார வையுங்க.”

முடிவு (இ): துணுக்கு படகில் வைத்து நேராகவே கேட்டுவிடுகிறார்: ‘உனக்கு என்னம்மா தோணுது?’

எழுதிய முடிவுகளில் இதுதான் நன்றாக இருந்தது. ஆனால் துணுக்கை அறிந்த ஒருவரும் நம்ப மாட்டார்கள். கதையென்றாலும் கொஞ்சமாவது நடக்கக்கூடியதாக இருக்க வேண்டாமா?

7

திங்கட்கிழமை துணுக்கு வந்தார். நானும் ஆசிரியரும் அவர் மேசையை மொய்த்துக்கொண்டோம். இதழ் அச்சுக்குப் போகவேண்டிய நாள். கதை முடிவில்லாமல் கணினித் திரையில் தொங்கிக்கொண்டிருந்தது.

“ரெண்டு சாவி சார்” என்றார்.

“என்ன ரெண்டு சாவி?”

“ரெண்டு ரூம். தோட்டத்துக்கு இந்தக் கோடியில எனக்கு ஒண்ணு, அந்தக் கோடியில அவளுக்கு ஒண்ணு. ‘நீங்க கேட்ட மாதிரியே சார், கத்தினாக்கூடக் கேக்காது’ன்னு சிரிச்சுக்கிட்டே குடுத்தாங்க அந்த மேனேஜரம்மா. படுக்கையில துண்டை மடிச்சு அன்னம் செஞ்சு வெப்பாங்களாம். ஜோடி அன்னம். அதையும் பிரிச்சு ஆளுக்கு ஒண்ணா வெச்சுட்டாங்க.”

ஆசிரியர் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“தப்பாயிடுச்சுன்னு சொல்ல வேண்டியதுதானேய்யா?”

“சொல்லத்தான் மேடம் வாயத் தெறந்தேன். அதுக்குள்ள அவ சாவிய வாங்கிட்டா. வாங்கி என்னைப் பார்த்தா பாருங்க... கல்யாணத்தன்னிக்குக்கூட அப்படிப் பார்த்ததில்ல. ‘எனக்கு இதுதான் வேணும்னு உங்களுக்கு எப்படிங்க தெரிஞ்சுது?’ன்னு கேட்டா. கண்ணுல தண்ணி.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“‘தெரியாதா பின்ன?’ன்னுட்டேன்.”

வாழ்க்கையிலேயே முதல்முறையாக மனைவியின் மனசைப் புரிந்துகொண்ட கணவன் என்ற பட்டம், ஒரு முன்பதிவுக் குளறுபடியால் அவருக்குக் கிடைத்துவிட்டது. திருப்பிக் கொடுக்க மனம் வருமா? பேசாமல் தன் சாவியை எடுத்துக்கொண்டு தன் கோடிக்குப் போயிருக்கிறார்.

ஊஞ்சலில் அவர் மட்டும் ஆடினார். படகில் அவரும் படகோட்டியும் போனார்கள். களிமண் குவளை ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. அந்தம்மா கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினார், எழுந்தார், மறுபடி தூங்கினார். சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் தோட்டத்தைக் கடந்து வந்தார். “அவ இவ்வளவு சிரிப்பான்னு எனக்குத் தெரியாது சார். சாப்பிடுறப்ப சும்மா சும்மா சிரிக்கிறா. நான் சொன்ன டாக்டர் ஜோக்குக்குக்கூட.”

(வாசகர்களே, இங்கே நிறுத்திக்கொண்டால் இது ஒரு நல்ல நகைச்சுவைக் கதை. ஆசிரியரும் ‘போதும் சார், அப்படியே அச்சுக்கு அனுப்பிடலாம்’ என்று கண் காட்டினார். நான்தான் கேட்டுத் தொலைத்தேன்.)

“அந்த வேலை என்னாச்சு, துணுக்கு?”

அவர் திரையில் ஓர் எழுத்தை இடமும் வலமுமாக நகர்த்தினார்.

“காலையில சரின்னு சொல்லிட்டா சார். அடுத்த மாசம் சேரணும்.”

“நீங்க?”

“நேத்து பஸ் ஏறுறப்ப சொன்னா. ‘அந்த ஊர்ல வீடு பாருங்க. தனி வீடாப் பாருங்க’ன்னு.”

ஆசிரியர் என்னைப் பார்த்தார். நான் ஆசிரியரைப் பார்த்தேன். இதற்கு மேல் என்னிடம் முடிவு கிடையாது. என்னிடம் இருந்த மூன்றையும் மேலே கொடுத்துவிட்டேன். பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நீங்களே ஒன்று எழுதிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு அந்த மேசையில் பேசியதை மட்டும் மாற்றாமல் தருகிறேன்.

“தனி வீடுன்னா எப்படி துணுக்கு?” என்றார் ஆசிரியர். குரலில் கிண்டல் போயிருந்தது. “சுவத்துக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லாத வீடா? இல்ல, நீங்க இல்லாத வீடா?”

“தெரியல மேடம்.”

“நீங்க கேக்கலையா?”

“கேட்டா பதில் சொல்லிடுவா மேடம்.”