நெற்றியில் கட்டிய கமரா

கஜரூபனின் நெற்றியில் கட்டியிருந்த கமரா தீப்பெட்டி அளவுதான் இருக்கும். மருத்துவ மாணவர்கள் நோயாளியோடு எப்படிப் பேசுகிறார்கள் என்று அவர்கள் பார்க்கிறபடியே பதிவுசெய்து, பிறகு போட்டுக் காட்டித் திருத்துவது டொக்டர் ஸமீமின் புதிய ஏற்பாடு. அன்று கஜரூபனின் முறை. தமிழ் மட்டும் தெரிந்த நோயாளி என்பதால் ஆறாயியிடம் அவனை அனுப்பினார்.

ஆறாயி தேயிலைத் தோட்டத்தில் பிறந்து கொழும்பில் மட்டக்குளிக்கு வந்தவள். பிறஷர் கூடி மயங்கி விழுந்தவளை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். படம் எடுக்கலாமா என்று கேட்டதற்குத் தலையாட்டினாள்.

"குளிசை ஒழுங்காப் போடுறனீங்களோ அம்மா?"

"போட்டுக்கிட்டுத்தான் இருந்தேன் சார். மகனத் தூக்கிட்டுப் போனதுலேருந்து..." புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். "பேலியகொடை மீன் மார்க்கட்டுல வேல செஞ்சான். வெள்ள வேன்ல வந்தவனுங்க..."

வெள்ளை வேனில் ஆள் தூக்குவது அரசாங்கத்தின் ஆட்கள்தான் என்று எல்லோருக்கும் தெரியும்; யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, வடக்குத் தமிழர் எல்லோரையும் போலப் பொலிஸில் பெயர் பதிந்து, வெள்ளவத்தையில் அறையெடுத்து இருப்பவன் கஜரூபன். இந்தப் பேச்செல்லாம் கமராவில் ஏறிக்கொண்டிருந்தது. நாளைக்கு யார் கையில் போகும்? அவள் முகம் படத்தில் விழாதபடி சட்டென்று தலையைத் திருப்பி, சுவரில் மாட்டியிருந்த பிறஷர் கருவியைப் பார்த்தான்.

"அதை விடுங்கோ அம்மா. கையை நீட்டுங்கோ."

அவள் முனகியது அவன் காதில் விழவில்லை. நெஞ்சு நோகிறதா, நித்திரை வருகிறதா என்று வேகமாகக் கேட்டு முடித்தான். மருந்து எடுக்கிறார் என்று ஸமீமிடம் சொன்னான்.

அடுத்த கிழமை வீடியோவைப் போட்டார்கள். கூட மூன்று சிங்கள மாணவர்கள். திரையில் ஆறாயியின் முகம் தெரிந்தது; திடீரென்று சுவர் வந்தது. சுவரையே காட்டிக்கொண்டிருந்த படத்துக்குள்ளிருந்து அவளுடைய குரல் கேட்டது.

"மருந்தெல்லாம் விட்டுட்டேன் சார். யாருக்காகப் போடணும்?"

ஸமீம் படத்தை நிறுத்தினார். தமிழ் விளங்காத மற்றவர்கள் அவரைப் பார்த்தார்கள். நோயாளி அழும்போது கண்ணை எடுக்கக் கூடாது என்று ஆங்கிலத்தில் சொல்லி அவர்களை அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தினார்.

"ஏன் திரும்பினீங்க எண்டு எனக்கு விளங்குது. இத நான் அழிச்சிடுறன். ஆனா அவங்க மருந்து எடுக்கல்லயே கஜரூபன்."

"எனக்குக் கேக்கேல்லை சேர்."

"அதே குளிசையக் குடுத்துத் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிட்டம்."

பின்னேரமே கஜரூபன் மட்டக்குளிக்கு பஸ் ஏறினான். விசாரித்து விசாரித்துப் போய்ச் சேர்ந்தபோது ஆறாயியின் வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டு வின்சன்ற் சறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

"அந்த மனுசி ஞாயித்துக்கிழமை செத்துப் போச்சே. தலைக்குள்ள நரம்பு வெடிச்சிட்டுதாம்."

கஜரூபன் பூட்டிக் கிடந்த கதவைத் திரும்பிப் பார்த்தான்.

"அவவின்ர மகன்... பேர் என்ன?"

வின்சன்றின் முகம் மாறியது. அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ எந்த இடத்து ஆள்? ஆர் அனுப்பினது?"

"நான் மெடிக்கல் ஸ்ருடன்ட். அவவை வார்ட்டில பார்த்தனான்."

"அதுக்கு ஏன் பேர்? அந்த மனுசிக்கு மகன் எண்டு ஒருத்தரும் இல்ல. போ தம்பி."

கதவு சாத்திக்கொண்டது. எதிர்வீட்டு யன்னலும் மூடியது. அந்தப் பெயர் கிடைத்திருந்தாலும் அதை யாரிடம் கொண்டுபோய்க் கொடுத்திருப்பான் என்று அவனுக்கே தெரியவில்லை. குழாயடியில் நின்ற பெண்கள் குடங்களை நிரம்ப விடாமல் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள்.