பேஸ் பெட்டிமேல் உட்கார்ந்தவள்

வயிற்றுப்பிள்ளை உதைக்காத ஆளே கிடையாது. மாமியார் கை வைத்தார், உதை. அக்கா கை வைத்தாள், உதை. மனைவி வேலை பார்க்கும் வங்கியின் மேனேஜரம்மாகூடத் தொட்டுப் பார்த்து "அடேங்கப்பா!" என்றாளாம். லிஃப்ட் மெக்கானிக்கான அப்பன் கை வைத்தால் மட்டும் உள்ளே கப்சிப். அவனும் சிரித்துச் சமாளித்தான். ஆனால் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

இதற்கு நடுவில் தொட்டில் போட இடம் வேண்டுமே! ஓர் அறை முழுக்க அவன் சேர்த்துவைத்த ஜமைக்கா நாட்டு ரெகே இசைத்தட்டுகள். மனசைக் கல்லாக்கிக்கொண்டு எல்லாவற்றையும் இணையத்தில் விற்பனைக்குப் போட்டான். பழைய தட்டை முழுசாக ஓடவிட்டுக் கேட்டபிறகுதான் அதன் நிலைமையை எழுத வேண்டும். அதில் அவன் படு கறார். "மூன்றாவது பாட்டில் ஒரு கீறல் உண்டு, நல்லவேளை, தாளத்தில்தான் விழுகிறது" என்றெல்லாம் எழுதிவைத்தான்.

மொத்தத்தையும் அள்ளிக்கொள்கிறேன் என்று ஒரு மாட்டு டாக்டர் வேன் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"ஒண்ணாவது போட்டுக் காட்டுங்க சார். எழுதினதை நம்பி நான் ஏற்கெனவே ரெண்டு கழுத்துவலி மெத்தை வாங்கியிருக்கேன்."

நாற்காலிகளில் எல்லாம் தட்டுகள் குந்தியிருந்தன. நிற்க முடியாத மனைவி, முழங்கால் உயரத்துக்கு இருந்த பேஸ் ஸ்பீக்கர் பெட்டிமேல் உட்கார்ந்தாள். முள் இறங்கியது. பெட்டி டும் என்றது.

"ஐயோ! ஏங்க! உதைக்குது! டான்ஸே ஆடுது!"

அவன் பாய்ந்தான். பாய்ந்த வேகத்தில் மேஜையில் இடித்தான். முள் எகிறி, பாட்டு நின்றது. பிள்ளையும் நின்றது.

"அட, நகருங்க சார்! பாட்டை நான் பாத்துக்கறேன், நீங்க வயித்தைப் பாருங்க" என்று டாக்டர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு களத்தில் இறங்கினார். முள் இறங்கியது, பிள்ளை ஆடியது. இவன் கை போனது, அடங்கியது. கையை எடுத்தான், மறுபடியும் ஆட்டம்! மனைவிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர்.

"பயப்படாதீங்க. புது ஆள் கை பட்டா சினைமாடுகூட இப்படித்தான்..." என்று ஆரம்பித்தார் டாக்டர். மனைவி ஒரு பார்வை பார்த்தாள். மனுஷர் பேச்சை விழுங்கிவிட்டுத் தட்டைத் துடைக்கப் போய்விட்டார்.

தட்டுகள், பெட்டி, வயர் எல்லாம் வேனில் ஏறின. டாக்டர் ஹாரன் அடித்துக்கொண்டே போனார்.

அறை வெறிச்சென்று கிடந்தது. மனைவி தரையில் பாயைப் போட்டுச் சுவரில் சாய்ந்தாள். அவன் பக்கத்தில் படுத்து அவள் வயிற்றில் கன்னத்தை வைத்தான்.

"அந்தப் பெட்டிக்கு இருக்கற மரியாதைகூட எனக்கு இல்லியே. நான் என்ன புது ஆளா?"

"சும்மா இருங்க. அது என்ன, உங்களைக் கண்டுச்சா, கேட்டுச்சா? வர்றீங்க, கையை வைக்கறீங்க, மூச்சுகூட விடாம உறைஞ்சு போயிடறீங்க. வாயைத் திறந்து ஏதாவது பேசினாத்தானே?"

என்ன பேசுவது என்று அவனுக்கு ஒன்றும் ஓடவில்லை. சற்றுமுன் கேட்ட பேஸ் ஒலி மட்டும் காதில் ஓடிக்கொண்டிருந்தது. அதையே சுருதி, தாளம் எதுவும் இல்லாமல் வயிற்றோடு வாயை வைத்து முனகினான்.

"டும்... டுடும்... டும்..."

கன்னத்தில் பளாரென்று ஓர் உதை.

அவன் அசையவில்லை. கண் மட்டும் குளமாகிவிட்டது.

"டுடும்?" என்றான்.

இன்னொன்று விழுந்தது, மூக்கிலேயே.

"அடி சக்கை! வாங்கினீங்களா?" என்று அவள் கைதட்டினாள். "சரி, எந்திரிங்க. பசிக்குது, சாப்பிடலாம்."

முடியாது என்று தலையை ஆட்டினான். நிறுத்தினால் அதுவும் நிறுத்திவிடுமோ என்று பயம்.

"டும்" என்றான்.