கட்டில் வரிசை

அப்பாவின் தாடையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறுகையாலும் பல்லாலும் துணியை இழுத்து உச்சந்தலையில் முடிச்சுப் போட்டாள் மகள். கையை எடுத்ததும் வாய் மறுபடி திறந்துகொண்டது. பல் ஆஸ்பத்திரியில் உதவியாளர் வேலை. ஊரில் உள்ளவர்களையெல்லாம் "ஆ காட்டுங்க, இன்னும் நல்லா" என்று சொல்லியே காலத்தை ஓட்டியவளுக்கு, ஒரு வாயை மூடுவது இத்தனை பெரிய பாடாக இருக்கும் என்று தெரியாது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். அப்பாவின் வாய் ஊர் வாயைவிடப் பிடிவாதமாக இருந்தது.

"விடு. கொஞ்ச நேரத்துல தானா இறுகிடும்" என்றான் அண்ணன். அவன் வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டே, வண்டிக்காரனிடம் மதியத்துக்குள் வந்துவிட வேண்டும் என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தான்.

வாய் திறந்திருந்ததுகூட அவளுக்குப் பெரிதில்லை. திறந்திருந்த விதம்தான் பயமாக இருந்தது. தூக்கத்தில் பிளந்த வாய் மாதிரி இல்லை. யாரோ கூப்பிட்டு, பதில் சொல்லப் போன வாய் அது. விடியற்காலையில் உயிர் போயிருந்தது. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை வேறு.

இரண்டாவது முடிச்சை அவள் இறுக்கியபோது மேஜைமேல் அப்பாவின் போன் அடித்தது. ஞாயிறு காலை அந்த நேரத்துக்கு வருகிற போன் ஒன்றே ஒன்றுதான். எடுத்துக் காதில் வைத்தாள். ஹலோ சொல்லுகிற வழக்கமெல்லாம் அங்கே கிடையாது.

"ஒட்டகம்" என்றது எதிர்க்குரல்.

அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஒட்டகம்" என்றது மறுபடி, கொஞ்சம் நிதானமாக.

"மாமா, நான் பேசறேன். அப்பா போயிட்டாரு. விடியக்காலைல."

மூச்சு மட்டும் கேட்டது. பல் இடுக்கில் காற்று உரசி வருகிற சன்னமான சத்தம்.

"ரெண்டு தடவை கூப்பிட்டாச்சு" என்றார் அவர் கடைசியில். "மூணாவதை நேர்ல வந்து கூப்பிடறேன். அதுவரைக்கும் ஆளை எடுத்துடாதீங்க."

அப்பா பதினைந்து வயதில் ராணுவத்தின் பயிற்சிப் பள்ளியில் வண்டி மெக்கானிக் வேலை பழகச் சேர்ந்தவர். தகரக் கூரை போட்ட நீளக் கொட்டகை, பதினெட்டுக் கட்டில், கட்டிலுக்கு ஒரு பையன். காலையில் டிரில் மாஸ்டர் கட்டில் வரிசைப்படி பட்டப்பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். பெயர் வைத்த புண்ணியவானும் அவர்தான். கழுத்து நீண்டவன் ஒட்டகம். கண்ணாடிக்காரன் சோடாபுட்டி. திக்கித் திக்கிப் பேசுகிறவன் ரிப்பீட்டு. ராத்திரி வீட்டை நினைத்து அழுகிறவன் குழாய். யாருக்குக் கடிதம் வந்தாலும் ஓடிப்போய் வாங்கி வந்து கொடுக்கிற அப்பா, தபால். கடைசிக் கட்டில்காரன், முன்பல் சந்தில் காற்று விடுகிறவன், விசில். மூன்று தடவை கூப்பிட்டும் குரல் வராவிட்டால் அவன் ஓடிப்போனவன். அதற்கப்புறம் அவன் செத்தே போனாலும் ஓடிப்போனவன்தான்.

சினிமாவுக்குச் சுவர் ஏறிக் குதித்தவன் விடிந்தும் வந்து சேராவிட்டால், பக்கத்துக் கட்டில்காரன் அவன் குரலிலேயே பதில் சொல்லிக் காப்பாற்ற வேண்டும். அது பையன்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட சட்டம். அதில் அப்பா கெட்டிக்காரர்.

ஒருநாள் பட்டறையில் எஞ்சினைத் தூக்கிய சங்கிலி அறுந்து குழாய் செத்துப்போனான். மறுநாள் காலை டிரில் மாஸ்டர் பழக்க தோஷத்தில் அவனையும் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அதற்குள், "இருக்கேன் சார்" என்று குழாயின் ஈரக் குரல் வந்துவிட்டது. சொன்னது அப்பா. வேண்டுமென்று சொல்லவில்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது என்பார். யாரும் சிரிக்கவில்லை. டிரில் மாஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார், பிறகு அடுத்த பெயரைக் கூப்பிட்டார். மறுநாளும் குழாயை விடாமல் கூப்பிட்டார்.

அப்படி ஆரம்பித்தது நிற்கவே இல்லை. எல்லாரும் ஓய்வு பெற்று மூலைக்கொருவராகப் போன பிறகும், ஞாயிற்றுக்கிழமை போனில் ஒருவருக்கொருவர் சேதி சொல்லிக்கொள்வார்கள். யாருக்கு முட்டி ஆபரேஷன், யார் பேத்திக்கு வேலை கிடைத்தது, யார் இன்னும் பெண்டாட்டிக்குத் தெரியாமல் சிகரெட் பிடிக்கிறான் என்று எல்லாம் வரும். ஆனால் போனை எடுத்ததும் முதலில் கட்டில் வரிசைதான். ஒருத்தர் போனால் அவர் குரல் பக்கத்துக் கட்டிலுக்குப் போகும். அவரும் போனால் இரண்டு குரலும் அதற்கடுத்த கட்டிலுக்கு. இப்படி நகர்ந்து நகர்ந்து எல்லாம் அப்பாவிடம் வந்து சேர்ந்தன. கூப்பிடுவது விசில். கூப்பிடுகிறவர் தனக்குத்தானே பதில் சொல்லக் கூடாது என்பதால், உயிரோடு இருந்த அவருக்கும் அப்பாதான்.

அதுதான் மகளுக்குச் சகிக்காது. எண்பது தாண்டிய மனிதர் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, குரல் உடைகிற வயதுப் பையன்களாக, ஒருவர் பின் ஒருவராக "இருக்கேன் சார்" என்பார். செத்தவர்களுக்கு வயது ஏறவே இல்லை. தன் முறை வரும்போது மட்டும் சொந்தக் கிழக்குரலில் சொல்லுவார். "நான்தான் இருக்கேனே, எனக்கெதுக்கு வேஷம்?" என்பார். தொடங்கும்போதே அம்மா சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். "பேய்க்கு வாக்கப்பட்டா முருங்கை மரம் ஏறணும்னு சும்மாவா சொன்னாங்க" என்பது அவள் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு.

போன வாரம் படுக்கையில் இருந்தபடி அப்பா மகளிடம் கேட்டார்.

"நான் போயிட்டா பதில் சொல்ல ஆளில்ல. என் ஒருத்தன் பாடு இல்லம்மா. அத்தனை பேரும் ஒரே நாள்ல ஓடிப்போனவங்களா ஆயிடுவாங்க. நீ சொல்வியா?"

முதலில் மாத்திரையைப் போடுங்கள் என்று சொல்லி அவள் தலையணையைச் சரிசெய்தாள். அவர் மாத்திரையை விழுங்கிவிட்டு, மறுபடி கேட்கவில்லை. கேட்டிருந்தால் சரி என்று சொல்லியிருப்பாள். இப்போது அந்தத் திறந்த வாயைப் பார்க்கப் பார்க்க, ஒரு வார்த்தை சொல்லாமல் போனோமே என்று இருந்தது அவளுக்கு.

விசில் மாமா வந்தபோது துக்கம் கேட்க வந்தவர்கள் பாதிப் பேர் கலைந்திருந்தார்கள். ஒடிசலான உருவம், கழுத்துவரை பட்டன் போட்ட சட்டை, காதில் மெஷின். முகம் தெரிகிற மாதிரி பாலீஷ் போட்டிருந்த ஷூவை வாசலில் குனிந்து கழற்றி, ஜோடியாக நேர்செய்து வைத்தார். அழவில்லை. அப்பாவின் கால்மாட்டில் நின்று, இந்தத் தடவை முதலில் சேதி சொன்னார்.

"சோடாபுட்டி பேத்திக்குக் குழந்தை பொறந்திருக்குடா. பொண்ணு. கண்ணு நல்லாத் தெரியுதாம்."

கூடத்தில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பதிலுக்கு ஒரு சிரிப்பு வர வேண்டிய அளவு நேரம் அவர் காத்திருந்தார். அது வந்துவிட்டது போலத் தலையாட்டிக்கொண்டு இவர்கள் பக்கம் திரும்பினார்.

"யாரு சொல்றது?"

அண்ணன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, வண்டி தெருமுனைக்கு வந்துவிட்டது, நாலு பேர் இருக்கிற இடம், நாங்கள் யாரும் பட்டாளத்தில் இருந்தவர்கள் இல்லை என்று பதமாக எடுத்துச் சொன்னான். அவர் கோபப்படவில்லை.

"பட்டாளம் வேணாம் தம்பி. அந்தக் குரலெல்லாம் தெரிஞ்சிருக்கணும், அவ்வளவுதான். ஆள் வாசல் தாண்டிட்டா அப்புறம் கூப்பிட்டுப் பிரயோஜனம் இல்ல."

மகளுக்குத் தெரியாது. எத்தனையோ ஞாயிறு அந்தக் குரல்கள் காதில் விழுந்திருந்தும் ஒன்றையும் அவள் உள்ளே விட்டதில்லை. ஏதாவது ஒரு குரலில் சொல்லித் தொலைத்தால் என்ன என்று தோன்றியது. தோன்றியதற்கே வெட்கமாக இருந்தது. அவர் குதிகாலைச் சேர்த்து, கையை உடம்போடு ஒட்டி நின்றார். கூடத்தில் பேச்சு அடங்கியது.

"ஒட்டகம்."

இது மூன்றாவது. அவள் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

"இருக்கேன் சார்."

நீளக் கழுத்துக்குள் எங்கேயோ கீழேயிருந்து ஏறி வருகிற குரல். சமையலறையிலிருந்து வந்தது. எல்லாரும் திரும்பினார்கள். அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுத முகம், மூக்கு சிவந்திருந்தது. குரல் மட்டும் அவளுடையதில்லை.

"சோடாபுட்டி."

"இருக்கேன் சார்."

"ரிப்பீட்டு."

"இ... இ... இருக்கேன் சார்."

அம்மா ஒவ்வொரு பெயருக்கும் ஓரடி முன்னால் வந்தாள். அவர்களில் ஒருவரையும் அவள் நேரில் பார்த்ததில்லை. சாத்திய கதவுக்குப் பின்னால் வெங்காயம் நறுக்கிக்கொண்டே ஆயுசு முழுக்கக் கேட்டிருக்கிறாள், அவ்வளவுதான். ஒன்று கட்டை, ஒன்று கீச்சு, ஒன்று தூக்கக் கலக்கம். குழாய் வந்தபோது அந்த ஈரம் கூடத்தில் அப்படியே தங்கி நின்றது. அண்ணன் கையிலிருந்த போனைத் தாழ்த்திவிட்டான். போனுக்குள் வண்டிக்காரன் ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தான். இத்தனை பேர் இந்தச் சின்னக் கூடத்தில் எப்படி அடைந்து நிற்கிறார்கள் என்று மகள் ஒரு கணம் நிஜமாகவே நினைத்தாள். நினைத்துவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"தபால்."

அம்மா வாயைத் திறந்து மூடினாள். அவள் வந்து நின்றிருந்தது அப்பாவின் தலைமாட்டில்.

"தபால்" என்றார் அவர். கண் நிறைந்துவிட்டது. ஆனால் முறையை விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை என்பது நின்ற நிற்பிலேயே தெரிந்தது.

அம்மா மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். "இவரு குரல் எனக்கு வரலடி" என்றாள். "இவரு குரல் மட்டும் வரல."

"தபா..."

"இருக்கேன் சார்."

மூச்சிரைக்க ஓடி வந்து, பாதியில் உடைந்து, மேலே எகிறிய ஒரு பையன் குரல். வந்தது மகளின் வாயிலிருந்து. அவள் அதைப் பிறந்ததிலிருந்து கேட்டதே இல்லை. தன்னுடைய முறைக்கு அப்பா ஒருநாளும் பையனாக மாறியதில்லை. தன் தொண்டை வழியாக யாரோ அவசரமாகக் கடந்து போனது போல எரிந்தது. உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். அம்மாவின் பிடி இறுகியது.

விசில் மாமா கண்ணை மூடிக்கொண்டார். "அவனேதான். எப்பவும் கடைசி நிமிஷத்துலதான் ஓடி வருவான்" என்றார்.

பிறகு கண்ணைத் திறந்து தன் பெயரைத் தானே கூப்பிட்டார். "விசில்."

"இருக்கேன் சார்" என்றாள் அம்மா, பல் சந்தில் காற்று உரச. கிழவர் சட்டென்று குரல் வந்த பக்கம் திரும்பி, அங்கே நிற்கிற யாரையோ தேடுகிற மாதிரி கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எல்லாரும் இருக்காங்க" என்றார். "கலையலாம்."

வண்டி வாசலுக்கு வந்துவிட்டிருந்தது. அவர் ஷூவை மாட்டிக்கொண்டு நிமிர்ந்து, "ஞாயித்துக்கிழமை போன் பண்றேன் தங்கச்சி" என்றார். சமையலைச் சீக்கிரம் முடித்து வைக்கிறேன் என்று அம்மா சொன்னாள்.

ஆட்கள் தூக்குவதற்குக் குனிந்தபோது அம்மா அவர்களை நிறுத்தினாள். அந்தத் துணி வேண்டாம், பல்வலிக்காரர் மாதிரி இருக்கிறது, எடுத்துவிடு என்று மகளிடம் சொன்னாள். மகள் மண்டியிட்டு உச்சந்தலை முடிச்சை அவிழ்த்து, துணியை உருவினாள். தாடைக்குக் கீழே உள்ளங்கையை ஏந்தியபடி காத்திருந்தாள். அண்ணன் மெதுவாக அவள் தோளைத் தொட்டான். அவள் கையை எடுத்துக்கொண்டாள். வாய் மூடியே இருந்தது.