நூற்று இருபது சொல்லுக்குள் ஒரு கச்சான் மெசின்

2025 மார்ச் 11, செவ்வாய். இன்றைய பிழை ஒன்று. மிஸ் பத்துச் சொற்றொடர் கேட்டிருந்தார். பத்தும் எழுதியாயிற்று என்று நினைத்துப் படுக்கப் போகும்போது எண்ணிப் பார்த்தால் ஒன்பதுதான். 'ரிப்பீட் எகெய்ன்' என்பதை இரண்டாவதாகவும் எழுதியிருக்கிறேன், எட்டாவதாகவும் எழுதியிருக்கிறேன். தேவையில்லாமல் திரும்ப வரும் சொற்களைப் பிடிக்கப் போய், பிடித்ததையே திரும்ப எழுதியிருக்கிறேன். நாளை வகுப்புக்கு முன் இன்னொன்று வேண்டும்.

மறுநாள் மத்தியானம், கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, கிருசாந்தி அந்தப் பக்கத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு பத்தாவதைத் தேடிக்கொண்டிருந்தாள். புளியங்குளம் சந்தியில், ஏ ஒன்பது வீதியைப் பார்த்தபடி இருக்கும் முத்துலிங்கத்தின் கொமினிகேசன் கடையில் அவளுக்கு வேலை. பகல் முழுக்கப் போட்டோக்கொப்பி, படிவம் நிரப்புவது, மின்னஞ்சல் அனுப்புவது. ஐந்தரைக்குப் பக்கத்து ஒழுங்கையில் கௌசலா மிஸ்ஸின் இங்கிலீஸ் வகுப்பு. வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்ததும் நாட்குறிப்பு. அதில் அன்றன்று விட்ட பிழையை முதலில் எழுதுவாள். பிழை இல்லாத நாளில், கண்ணில் படாத பிழை ஒன்று இருக்கக்கூடும் என்று எழுதுவாள்.

இந்தக் கிழமைப் பாடம் அவளைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. ஒரே பொருளை இரண்டு தரம் சொல்லும் ஆங்கிலச் சொற்றொடர்கள். ரிட்டர்ன் என்றாலே திரும்பி வருவதுதான். பிறகு எதற்கு ரிட்டர்ன் பேக்? கிஃப்ட் என்றாலே சும்மா கிடைப்பதுதான். பிறகு எதற்கு ஃப்ரீ கிஃப்ட்? மிஸ் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து கிருசாந்தி போகிற இடமெல்லாம் அதுவாகவே இருந்தது. வங்கி அனுப்பிய செய்தியில் ஒன்று, பஸ் கண்ணாடியில் ஒட்டியிருந்த விளம்பரத்தில் ஒன்று, போன் திருத்துகிறவன் வாய் ஓயாமல் சொல்லும் 'ரீஸ்டார்ட் எகெய்ன்' ஒன்று. ரீஸ்டார்ட் என்றாலே மறுபடி தொடங்குவது, அதற்கு மேல் இன்னொரு மறுபடி. அதைப் பட்டியலில் மூன்றாவதாக எழுதினாள். கண் பழகாத இருட்டில் திடீரென்று மின்மினிகள் தெரிகிற மாதிரி இருந்தது அவளுக்கு. ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தாள்.

"பிள்ளைக்குத் தன்ர பேரிலயே சந்தேகம்," என்றார் எட்டிப் பார்த்த முத்துலிங்கம். "அடையாள அட்டையைப் பாத்துத்தான் கையெழுத்து வைக்கிறவள்."

"ஒருக்கா அட்டையில பிழையா அடிச்சுத் தந்தவங்கள் தானே அண்ணை. பாக்கிறது நல்லது."

அப்போதுதான் இரண்டு பெண்கள் வெயிலிலிருந்து விறுவிறென்று கடைக்குள் ஏறினார்கள். முன்னால் வந்தவர் பேச்சியம்மா. சந்தியிலிருந்து உள்ளே ஒன்பது கிலோமீற்றர் தள்ளியிருக்கும் குடியேற்றத்தில் கச்சான் என்கிற நிலக்கடலையை உடைக்கும் பெண்கள் குழுவின் தலைவி. பின்னால் பிளாஸ்ரிக் கோவையோடு வந்தவள் ராஜினி, குழுவின் செயலாளர். இரண்டு பேரின் பெருவிரலிலும் பழைய துணிக் கீலம் சுற்றியிருந்தது.

"பாப்பா, நாலு மணிக்கு மூடிருவாங்களாம்," என்றார் பேச்சியம்மா, உட்காராமலே. "எங்க மெசினு இந்தத் தாளுக்குள்ளதான் இருக்கு. எப்பிடியாச்சும் அனுப்பிரு."

கிருசாந்தி மணியைப் பார்த்தாள். இரண்டு நாற்பது. ராஜினி விசயத்தைச் சொன்னாள். வவுனியாவில் ஒரு நிறுவனம் கச்சான் உடைக்கிற மெசின் கொடுக்கிறது. இந்த மாவட்டத்துக்கு ஒன்றே ஒன்று. விண்ணப்பம் இணையத்தில் மட்டும். பன்னிரண்டு பெண்கள் விடியலிலிருந்து மத்தியானம் வரை பெருவிரலால் உடைப்பதை அந்த மெசின் அரை மணித்தியாலத்தில் உடைத்துவிடும். போன வருசமும் கேட்டார்கள், கிடைக்கவில்லை. இந்த வருசமும் போனால் நாலு பேர் குழுவை விட்டுவிட்டுக் கொழும்புக்கு ஆடைத் தொழிற்சாலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டார்கள்.

"நாலு பேர் போனா மிச்சம் பேரும் போயிருவாங்க அக்கா," என்றாள் ராஜினி. "பிறகு குழு இல்ல."

கிருசாந்தி தளத்தைத் திறந்தாள். பெயர், முகவரி, பதிவு இலக்கம் எல்லாம் சுலபமாகப் போயிற்று. கடைசியில் ஒரு பெட்டி. உங்கள் குழுவைப் பற்றியும் அது கடந்து வந்த இடர்களைப் பற்றியும் ஆங்கிலத்தில் எழுதுக, நூற்று இருபது சொற்களுக்குள். ராஜினியின் கோவையில் அதற்கான பதில் இருந்தது. வவுனியாவில் ஒரு சட்டத்தரணியின் கந்தோரில் தட்டச்சு வேலை செய்யும் அவளுடைய மச்சான் எழுதிக் கொடுத்தது. கிருசாந்தி வேகமாக அடித்து முடித்தாள். பெட்டியின் கீழே சிவப்பாக ஒரு இலக்கம் வந்து நின்றது. நூற்று நாற்பத்தெட்டு. அனுப்பும் பொத்தான் சாம்பல் நிறமாகவே கிடந்தது.

"இருபத்தெட்டுச் சொல் கூட," என்றாள்.

"அடிப்பக்கத்தால வெட்டி விடு பிள்ளை," என்றார் முத்துலிங்கம். "மேல இருக்கிறதைத்தான் வாசிப்பாங்கள்."

"அண்ணை, அடியிலதான் மெசின் எண்ட சொல்லே வருது."

அவள் கடிதத்தை மறுபடி வாசித்தாள். மூன்றாவது வரியில் விரலை வைத்தாள். பாஸ்ட் ஹிஸ்டரி. ஹிஸ்டரி என்றாலே நடந்து முடிந்ததுதான். அடுத்த வரியில் ட்வெல்வ் இன் நம்பர். பன்னிரண்டு இலக்கம் இல்லாமல் வேறு என்ன? அதற்கடுத்து ஈச் அண்ட் எவ்ரி. ஒவ்வொருவரும் என்று ஒரு தரம் சொன்னால் போதாதா? கொப்பியில் நாட்கணக்காகத் தேடித் தேடிச் சேர்த்ததெல்லாம் ஒரே தாளில் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

"அக்கா, ஏன் சிரிக்கிறீங்க?" என்றாள் ராஜினி.

"பொறுங்கோ. ஒரு விசயத்தையும் இழக்காமல் குறைக்கலாம் போல கிடக்கு. சரியோ தெரியாது. பொறுங்கோ."

பாஸ்ட் போயிற்று; நூற்று நாற்பத்தேழு. இன் நம்பர் போயிற்று; நூற்று நாற்பத்தைந்து. 'அட் த ப்ரெசன்ட் மோமன்ட் இன் டைம்' என்று ஆறு சொல் நீட்டி நெளித்திருந்த இடத்தில் 'நவ்' என்று ஒன்றைப் போட்டாள், நூற்று நாற்பது. முத்துலிங்கம் வாடிக்கையாளர் ஒருவருக்குப் போட்டோக்கொப்பி எடுப்பதை நிறுத்திவிட்டு வந்து பின்னால் நின்றுகொண்டார். ஒவ்வொரு தரமும் இலக்கம் இறங்கும்போது அவரே வாய்விட்டுச் சொன்னார், கிரிக்கெட் பார்க்கிறவர் மாதிரி.

"எழுதிக் குடுத்த புள்ள கோவிச்சுக்குமே," என்றார் பேச்சியம்மா. "பாத்துப் பாத்துப் போட்ட சொல்லு."

"சட்டக் கந்தோரில அப்பிடித்தான் அம்மா எழுதுவினம். ஒரு சொல் ஓடினாலும் மற்றச் சொல் நிக்கும் எண்டு இரண்டு இரண்டாக் கட்டி வைப்பினம்."

பேச்சியம்மா ஒன்றில் மட்டும் விடவில்லை. கடிதம் 'ஹானரபிள் அண்ட் ரெஸ்பெக்டட் சேர்' என்று தொடங்கியிருந்தது. கிருசாந்தி கையை அங்கே கொண்டுபோனதும் அவர் தடுத்தார்.

"அதுக்கு என்ன அர்த்தம்?"

"கௌரவமான, மதிப்புக்குரிய ஐயா எண்டு. இரண்டும் கிட்டத்தட்ட ஒண்டுதான்."

"ரெண்டும் இருக்கட்டும். போன வருசம் ஒரு மரியாதையோட எழுதித்தான் கெடைக்கல. ஆபீசருக்கு அரை வணக்கமா போடுவாங்க?"

முத்துலிங்கம் சிரித்தார். கிருசாந்தி வேறு இடங்களில் வெட்டினாள். நூற்று முப்பத்து மூன்று. நூற்று இருபத்தாறு. மூன்று மணி இருபத்தைந்துக்கு நூற்று இருபத்தொன்றில் வந்து நின்றது. இன்னும் ஒன்றே ஒன்று. அவள் கண் கடைசி வரிக்கு முந்திய வரியில் விழுந்தது. 'ரீஸ்டார்ட்டட் எகெய்ன்.' அவளுடைய மூன்றாவது மின்மினி. பென்சில் கேள்விக்குறிகூட மங்கிப்போயிருந்த ஒன்று. எகெய்ன் போயிற்று. இலக்கம் பச்சையானது. பொத்தான் நீலமானது.

"நூற்று இருபது," என்றார் முத்துலிங்கம். "அமத்து."

அவள் அமத்தவில்லை. எந்தப் படிவத்தையும் உரியவருக்குத் தமிழில் ஒரு தரம் வாசித்துக் காட்டாமல் அவள் அனுப்புவதில்லை. முத்துலிங்கம் அதை மெத்தப் படித்த வேலை என்பார், வரிசையில் நிற்கிறவர்கள் வேறு பெயர் வைத்திருந்தார்கள். கிருசாந்தி திரையில் விரலை வைத்து வரிவரியாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். இத்தனை பெண்கள், இந்த ஊர், இன்ன வேலை. இடப்பெயர்விலும் பிறகு வெள்ளத்திலும் எல்லாவற்றையும் இழந்தோம். குழுவை மறுபடி தொடங்கினோம்.

"மறுபடியா?" ராஜினி நிமிர்ந்தாள். "ஒருக்காவா?"

"ஓம். மறுபடி தொடங்கினோம்."

"இல்ல அக்கா. முதல்ல தொடங்கினது இடம்பெயர முதல். கொட்டிலும் போச்சு, விதைக் கச்சானும் போச்சு. முகாமால வந்து மறுபடி தொடங்கினம். பிறகு வெள்ளம் வந்து சாக்கோட அள்ளிக்கொண்டு போச்சு. அதுக்குப் பிறகு திரும்பவும் மறுபடி தொடங்கினம். மச்சானிட்ட நான் இதை மூண்டு தரம் சொல்லி எழுதுவிச்சனான்."

கிருசாந்தி மவுஸிலிருந்து கையை எடுத்தாள். அந்தக் கடிதம் முழுக்க வீண் சொல்லாகக் கிடந்தபோது, வீணில்லாத ஒன்றே ஒன்றைத் தேடிப்பிடித்து வெட்டியிருந்தாள். கேட்ட கேள்வி இடர்களைப் பற்றியது. ஒரு தரம் எழும்பினவர்கள் எத்தனையோ குழுக்கள் இருக்கும். இவர்கள் இரண்டு தரம் எழும்பினவர்கள். அதைச் சொல்ல அந்தக் கடிதத்தில் இருந்தது அந்த ஒரு சொல்தான்.

"நான் பிழை விட்டிட்டன்," என்றாள். எகெய்ன் திரும்ப ஏறியது. இலக்கம் மறுபடி சிவந்தது. மூன்று நாற்பத்து மூன்று.

அவள் மேலிருந்து கீழாக ஒரு தரம், கீழிருந்து மேலாக ஒரு தரம் பார்த்தாள். வெட்ட ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் ஏற்கெனவே வெட்டிவிட்டாள். முத்துலிங்கம் மணியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பேச்சியம்மாதான் சொன்னார்.

"பாப்பா, மரியாதையில ஒண்ணக் கொறச்சிரு."

"அம்மா, வெட்ட வேணாமெண்டு நீங்கதானே..."

"கொறச்சிரு. ஆபீசரு கோவிச்சா நான் நேருல வந்து கும்புடுறேன். அந்தத் தண்ணி வந்த வருசத்தக் கொறைக்க வேணாம்."

அண்ட் ரெஸ்பெக்டட் போயிற்று. நூற்றுப் பத்தொன்பது.

"ஒரு சொல் மிச்சம் இருக்கு," என்றாள் கிருசாந்தி. "என்ன போடட்டும்?"

"தேங்ஸ் போடு," என்றார் பேச்சியம்மா. "எடுத்த மரியாதைய அங்கிட்டு வச்சிருவோம்."

பொத்தான் நீலமானதும் அமத்தினாள். உடனே இன்னொரு பெட்டி வந்தது: ராஜினியின் போனுக்கு அனுப்பிய ஆறு இலக்கத்தை ஐந்து நிமிடத்துக்குள் போடவேண்டும். ராஜினி துணிக் கீலத்தை உருவிவிட்டுப் பெருவிரலைப் போனில் வைத்தாள். திறக்கவில்லை. துடைத்துவிட்டு வைத்தாள். திறக்கவில்லை.

"கச்சான் உடைச்சு உடைச்சு ரேகை தேஞ்சு போச்சு அக்கா. இதுக்கு என்னையே தெரியுதில்ல."

"பின் நம்பரைப் போடுங்கோ," என்று சொன்ன கிருசாந்தி, சொன்ன கையோடு வாயைப் பொத்திக்கொண்டாள். பின் என்பதற்குள்ளேயே நம்பர் இருக்கிறது. தேடித் திரிந்த பத்தாவது அவளுடைய வாயிலேயே இருந்திருக்கிறது. ஆனால் எழுத நேரமில்லை. ராஜினி நாலு இலக்கத்தைத் தட்டிப் போனைத் திறந்தாள். ஆறு இலக்கம் வந்தது, போயிற்று. மூன்று ஐம்பத்தாறுக்குத் திரையில் பச்சைச் சரிக்குறி விழுந்தது. முத்துலிங்கம் ஓடிப்போய் நாலு பேருக்கும் சோடா வாங்கிவந்தார். அவருடைய கடையில் அப்படி ஒன்று நடந்ததாக யாருக்கும் ஞாபகமில்லை.

உள்ளூருக்குப் போகும் பஸ் ஐந்து மணிக்குத்தான். இரண்டு பெண்களும் கடையின் வாங்குப் பலகையிலேயே இருந்தார்கள். நாலு முப்பத்தைந்துக்கு ராஜினியின் போன் அடித்தது. வவுனியா அலுவலகத்திலிருந்து ஒரு பெண். ராஜினி பதற்றத்தில் எல்லாருக்கும் கேட்கும்படி போட்டுவிட்டாள்.

"உங்கட ஃபோர்ம் பாத்தனாங்கள். எல்லாம் அளவா எழுதியிருக்கிறீங்கள். ஆனா ஒரு இடத்தில ஒரு எகெய்ன் கூடிப்போச்சுப் போல. அதைப் பிழை எண்டு எடுத்துவிடவா, இல்லாட்டி அப்பிடித்தானா?"

ராஜினி எழுந்து நின்றுகொண்டாள்.

"அது கூட இல்ல மிஸ். அப்பிடித்தான்." பிறகு சொன்னாள். முதல் கொட்டில், முகாமிலிருந்து வந்து போட்ட இரண்டாவது கொட்டில், வெள்ளத்துக்குப் பிறகு தகரம் இரவல் வாங்கிப் போட்ட மூன்றாவது கொட்டில். சட்டக் கந்தோர் சொல் ஒன்றும் இல்லாமல், மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாள். அந்தப் பக்கம் யாரோ யாரிடமோ பேசுவது கேட்டது.

"அம்மா, நாளைக்கு எங்கட வாகனம் அந்தப் பக்கம் வருது. பத்து மணிக்கு உங்கட கொட்டிலையும் பாக்கிறம். பாத்திட்டுத்தான் முடிவு சொல்லலாம். பாக்கிறதுக்கு மூண்டு இடம் இருந்தது, இப்ப நீங்கள் நாலாவது. எங்களோட வாற ஒருவருக்குத் தமிழ் தெரியாது. இங்கிலீசில சொல்ல ஆள் இருக்கா?"

பேச்சியம்மா கிருசாந்தியைக் கேட்டுக்கொண்டெல்லாம் நிற்கவில்லை. போனுக்கு நேராகக் குனிந்தார்.

"இருக்குங்க. எங்க புள்ள இருக்கு."

மூன்று தொடக்கத்தையும் இங்கிலீசில் எழுதிப் பார்த்ததில் கிருசாந்தி வகுப்புக்கு இருபது நிமிடம் பிந்தித்தான் போனாள். முதல் தடவை.

2025 மார்ச் 12, புதன். இன்றைய பிழை இரண்டு. ஒன்று, வெட்டக்கூடாத சொல்லை வெட்டினேன். இரண்டு, பின் நம்பர் என்று சொன்னேன். அதைப் பத்தாவதாக எழுதிவிட்டேன். மூன்றாவது வரியைப் பட்டியலிலிருந்து எடுக்கவில்லை. கேள்விக்குறியை அழித்து, 'வெட்டும் முன் எத்தனை தரம் என்று கேட்கவும்' என்று பேனாவால் எழுதினேன். மிஸ் அதற்குச் சரி போட்டார். மெசின் கிடைக்குமோ தெரியவில்லை. நாளை: எட்டரைக்குக் கடைச் சாவியை அண்ணையிடம் கொடுக்க வேண்டும். ஒன்பது மணி பஸ். பத்துக்குக் கச்சான் கொட்டில். மூன்று தொடக்கத்தையும் வரிசை மாறாமல் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும்.